பந்தல் போட்ட பிறகு பெண் பார்த்த படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடர் படங்கள் ஏன் போகப் போகச் சரிகின்றன என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, விண்வெளி மிருகம் ஒன்று மனிதர்களை வேட்டையாடும் 'ஏலியன்' தொடரில் 1992இல் வெளியான மூன்றாவது படம் 'ஏலியன் 3'க்கு மூன்று பத்தி ஒதுக்கியிருந்தது. படம் ஏமாற்றம்தான், அதில் தகராறு இல்லை. ஆனால் கட்டுரையாளர் அடுக்கிய மூன்று காரணங்களில் இரண்டு தவறு, ஒன்று அரைகுறை. அனுபவமில்லாத இயக்குநர் கெடுத்தார் என்கிறார். கம்ப்யூட்டரில் வரைந்த மிருகம் சிரிப்பை வரவழைத்தது என்கிறார். கதாநாயகியைக் கொன்றது ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை என்கிறார். நோய் ஒன்று, மருந்து வேறொன்றுக்கு.

முதலில் இயக்குநர் விஷயம். டேவிட் ஃபின்ச்சருக்கு அது முதல் படம். இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் 1991 ஜனவரியில் படப்பிடிப்பு தொடங்கியபோது அவருக்கு வயது 28. அதுவரை விளம்பரங்களும் இசை வீடியோக்களும் எடுத்தவர். இதெல்லாம் உண்மை. ஆனால் அவர் வந்து சேர்ந்த வீடு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? ரென்னி ஹார்லின் இயக்குநராக வந்து விலகியிருந்தார். வின்சென்ட் வார்டும் வந்து விலகியிருந்தார். வில்லியம் கிப்சன் எழுதிய திரைக்கதையில் தொடரின் கதாநாயகி ரிப்லி பெரும்பாலும் மயக்கத்தில் கிடப்பார். இரண்டாம் படத்தில் பிழைத்த ராணுவ வீரர் ஹிக்ஸும் செயற்கை மனிதர் பிஷப்பும்தான் கதையை நடத்துவார்கள். அது போயிற்று. அடுத்து எரிக் ரெட் எழுதினார், அதுவும் போயிற்று. டேவிட் ட்வோஹி விண்வெளிச் சிறை என்ற களத்தைக் கொண்டுவந்தார். வார்டு அதை ஒதுக்கிவிட்டு, மரத்தாலேயே கட்டிய ஒரு கோளில் துறவிகள் வாழும் மடம் என்று யோசித்தார். அவர் போன பிறகு தயாரிப்பாளர்கள் டேவிட் கைலரும் வால்டர் ஹில்லும் மடத்தையும் சிறையையும் சேர்த்துத் தைத்தார்கள். ஃபியோரினா 161 என்ற கோளில் நாம் பார்ப்பது அந்த ஒட்டுத்துணியைத்தான். கைதிகள் துறவிகளைப் போல நீள அங்கி போட்டிருப்பதும், ஈய உருக்காலைக்குத் தேவாலயத்து வளைவுகள் இருப்பதும் அதனால்தான்.

இத்தனைக்கும் நடுவில் செட் வேலை நிற்கவில்லை. திரைக்கதை முடிவதற்குள் சுமார் 70 லட்சம் டாலர் செட்டுகளில் இறங்கிவிட்டது. பந்தல் போட்டுச் சமையலுக்கு ஆள் சொல்லிவிட்டுப் பெண் பார்க்கக் கிளம்பிய கதை. இதில் என்ன கெடும் என்பது சினிமாக் கணக்குத் தெரிந்தவர்களுக்குப் புரியும். செட் முதலில் நின்றுவிட்டால் காட்சியை இடத்துக்கு ஏற்ப வளைக்க வேண்டும். கதைக்கு ஏற்ப இடம் வராது. அன்றன்றைக்குப் பக்கம் எழுதி வந்தால், தன் பாத்திரம் எங்கே போய் முடியும் என்று தெரியாமலேயே நடிகர் நடிப்பார். பத்து நாள் எடுத்த காட்சி பிறகு கதையில் தேவைப்படாமல் போகும். தேவைப்படும் காட்சி எடுக்கப்படாமலே இருக்கும். நிறைய எடுத்தும் போதாமல் போவது இப்படித்தான். ஒளிப்பதிவாளர் ஜோர்டன் குரோனன்வெத் உடல்நலக் குறைவால் இரண்டு வாரத்தில் விலக, அலெக்ஸ் தாம்சன் வந்தார். செலவு எகிறியதும் ஸ்டுடியோ இங்கிலாந்துப் படப்பிடிப்பை நிறுத்தியது. விடுபட்டதை லாஸ் ஏஞ்சலஸில் ஒட்டுப்போட்டு எடுத்தார்கள். முடிவில் செலவு ஐந்து கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்கத் திரையரங்குகளில் வந்தது சுமார் ஐந்தரைக் கோடி. 1986இல் வந்த இரண்டாவது படம் இரண்டு கோடிக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்டு அங்கே எட்டரைக் கோடி வசூலித்தது. அதே ஃபின்ச்சர் 1995இல் 'செவன்' எடுத்தார். முடிந்த திரைக்கதை கையில் இருந்தால் அவர் என்ன செய்வார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்து, "கம்ப்யூட்டர் மிருகம்". இந்தத் தவறான தகவல் தமிழில் பல இடங்களில் உலவுகிறது, கட்டுரையாளரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்தப் படத்தில் ஓடும் மிருகம் கம்ப்யூட்டரில் பிறந்ததே இல்லை. அது கோல்களால் ஆட்டிய பொம்மை. நிஜ அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நீலத் திரைக்கு முன்னால் பல கலைஞர்கள் சேர்ந்து கம்பிகளைப் பிடித்து நடக்கவும் தாவவும் வைத்தார்கள். நம் பொம்மலாட்டத்தில் ஒரே கலைஞர் தலையில் இரும்பு வளையம் மாட்டி அதில் நூலைக் கட்டி, கையால் கம்பியையும் ஆட்டுவார். அங்கே ஒரு பொம்மைக்கு ஒரு கூட்டமே. பக்கத்தில் நிற்கும் காட்சிகளில் டாம் வுட்ரஃப் என்ற கலைஞர் உடைக்குள் இருந்தார். அதற்கு முன், விப்பெட் இன நாய் ஒன்றுக்கு மிருக உடை மாட்டி ஓடவிட்டுப் பார்த்தார்கள்; சிரிப்பு வந்ததால் கைவிட்டார்கள். கம்ப்யூட்டர் வேலை என்று படத்தில் உள்ளது மிகச் சொற்பம்: கடைசியில் மிருகத்தின் மண்டை விரிசல் விடுவதும் சில நிழல்களும்.

பிறகு ஏன் அது ஒட்டவைத்த மாதிரி தெரிகிறது? ஏனென்றால் உண்மையிலேயே ஒட்டவைத்ததுதான். பொம்மையைத் தனியாகப் படம் பிடித்து, உருக்காலைத் தாழ்வாரத்தைத் தனியாகப் பிடித்து, இரண்டு பிலிமையும் ஒளியியல் முறையில் ஒன்றாக அச்செடுத்தார்கள். மிருகத்தின் உடம்பு ஈரமாகப் பளபளக்க வேண்டும் என்பது இந்தத் தொடரின் விதி. பளபளக்கும் உடம்பு நீலத் திரையின் ஒளியை வாங்கிக்கொள்ளும். அதைக் கழித்து எடுக்கும்போது விளிம்பில் ஒரு பச்சைக் கோடு தங்கிவிடும். பின்னணி முழுக்கத் துருநிறம், செம்பழுப்பு. அந்த நிறத்தின் மேல் பச்சை விளிம்பு கண்ணில் குத்தாமல் என்ன செய்யும்? பொம்மையின் கால் தரையில் பதியும் இடத்தில் நிழல் சரியாக விழாவிட்டால் அது மிதப்பதுபோலவும் தெரியும். ஆனால் பொம்மையின் அசைவு மட்டும் பார்த்தால் அற்புதம். உடைக்குள் ஆள் இருந்தால் அப்படிச் சுவரில் ஓட முடியாது. அந்த ஆண்டு காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் படம் இருந்தது சும்மா இல்லை. ஆசை சரி, ஒட்டும் தொழில்நுட்பம் காணாது. 1979இல் தொடரின் முதல் படத்தை எடுத்த ரிட்லி ஸ்காட் இந்தச் சிக்கலில் மாட்டவே இல்லை. அவருடைய படத்தில் மிருகம் மொத்தமாகச் சில நிமிடங்களே தெரியும், அதுவும் தலை ஒரு துண்டு, கை ஒரு துண்டு. உயரமும் ஒல்லியுமான பொலாஜி படேஜோ உடைக்குள் இருந்தார் என்பது தெரிந்து பார்த்தாலும் ஆள் கண்ணில் படமாட்டார்.

படத்தின் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது, கட்டுரை அதைத் தொடவே இல்லை. அது இடக்குழப்பம்.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். பேருந்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவருக்குக்கூட, இன்னும் எத்தனை பாக்கி, எங்கே இருக்கிறோம் என்று தெரியும். பயப்படுவதற்கும் அந்தக் கணக்கு வேண்டும். முதல் படத்தில் கப்பல் தலைவர் டல்லாஸ் மிருகத்தைத் தேடிக் காற்றுக் குழாய்க்குள் தவழும்போது, வெளியே கருவியில் இரண்டு புள்ளிகள் நெருங்குவதைச் சக பணியாளர் லாம்பர்ட் பார்த்துச் சொல்கிறார். எந்தக் கதவு மூடியது, அடுத்த சந்தி எங்கே என்பது நமக்குத் தெரியும். இரண்டாவது படத்தில் ஜேம்ஸ் கேமரூன், குடியிருப்பின் வரைபடத்தை மேசையில் விரித்து, எந்தச் சுரங்கவழியை அடைக்கிறார்கள் என்று காட்டிவிட்டுத்தான் தாக்குதலைத் தொடங்குகிறார். பயம் அங்கே கூட்டல் கழித்தலாக ஏறும்.

மூன்றாவதின் கடைசி அரைமணி நேரம் முழுக்க ஒரே ஒரு திட்டம்தான். கையில் ஆயுதம் கிடையாது. எனவே ஆட்களே இரையாக ஓடி, மிருகத்தைத் தாழ்வாரம் தாழ்வாரமாக இழுத்து, பின்னால் கதவை மூடி, ஈய அச்சுக்குள் தள்ளி, மேலிருந்து உருகிய ஈயத்தை ஊற்ற வேண்டும். தாளில் படிக்கும்போது இந்தத் தொடரிலேயே நல்ல யோசனை இது. ஆனால் எந்தத் தாழ்வாரம் எதற்குப் பக்கம் என்று முன்கூட்டி ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. எல்லாத் தாழ்வாரமும் ஒரே நிறம். கேமரா மிருகத்தின் கண்ணாகி, கூரையில் தலைகீழாக ஓடுகிறது. முதல் தடவை மிரட்டும். ஐந்தாம் தடவை, கிழக்கா மேற்கா என்று தெரியாத தலைச்சுற்றல். எண் பலகை இல்லாத கொண்டை ஊசி வளைவு.

ஆட்களிலும் இதே குழப்பம். 1979இல் ஏழு பேர். ஒருவர் தொப்பியும் பூப்போட்ட சட்டையும், ஒருவர் தலையில் கட்டிய துணி, எல்லாரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சம்பளத்துக்குச் சண்டை போடும்போதே யார் யார் என்று மனதில் பதிந்துவிடும். 1986இல் ராணுவத்தினர் தங்கள் கவசத்தில் ஆளுக்கொன்று கிறுக்கி வைத்திருப்பார்கள். 1992இல் 25 கைதிகள். பேன் தொல்லை என்று எல்லாருக்கும் மொட்டை, ஒரே பழுப்பு அங்கி, பெரும்பாலோருக்கு ஒரே மாதிரி பிரிட்டிஷ் உச்சரிப்பு. கைதிகளின் தலைவன் டில்லனாக நடித்த சார்லஸ் டட்டனைத் தவிர, இறந்தது யார் என்று கேட்டால் பார்வையாளர் விழிப்பார். முகம் பதியாதவன் சாவுக்கு யார் அழுவார்கள்? போதாக்குறைக்கு, நாம் நம்பத் தொடங்கிய ஒரே மனிதரான மருத்துவர் கிளெமென்ஸ், தன் பழைய கதையைச் சொல்லி முடித்த கையோடு, படத்தின் நடுவிலேயே பலி. அதிர்ச்சி வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் ரிப்லிக்குப் பேச்சுத்துணை கிடையாது, நமக்கும் கிடையாது.

மூன்றாவது குற்றச்சாட்டு, சாவுகள். ரிப்லி சாவது இந்தப் படத்தின் குறை என்று சொல்வது அநியாயம். தன் உடம்புக்குள் மிருகக் கரு வளர்வது தெரிந்து, அதைப் பிடிக்கத் துடிக்கும் தன் முதலாளி நிறுவனத்தின் கையில் கொடுக்காமல் உலையில் விழுவது மூன்று படக் கணக்கையும் நேர்செய்யும் முடிவு. ரிப்லியாக நடித்த சிகோர்னி வீவர் அதைக் கண்ணாலேயே செய்துவிடுகிறார். கோபப்பட வேண்டியது தொடக்கத்தின் மேல். இரண்டாம் படத்தின் கடைசிப் பகுதி முழுவதும் நியூட் என்ற சிறுமியைக் காப்பாற்றுவதற்காகவே நடந்தது. அந்தச் சிறுமியும் ஹிக்ஸும், மூன்றாம் படத்தில் பெயர்கள் ஓடி முடிவதற்குள் பிணம். ஒரு வசனம் இல்லை. கொல்லக்கூடாது என்பதில்லை, ரசிகர் கட்டிய காசைத் திருப்பிக் கேட்கும்படி கொல்லக்கூடாது. இதற்கு முன்னோட்டம் வேறு எண்ணெய் ஊற்றியது: முதலில் வந்த முன்னோட்டம் கதை பூமியில் நடக்கப் போவதாகவே ஆசை காட்டியது. படத்தில் பூமி வரவே இல்லை.

அந்தத் தொடக்கத்திலேயே ஒரு கணக்குப் பிழையும் இருக்கிறது. கப்பலில் முட்டை வந்தது எப்படி? இரண்டாம் படத்தில் ராணி மிருகம் ரிப்லியைத் துரத்துவதற்காகத் தன் முட்டைப் பையைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பியது. பை இல்லாமல் முட்டை ஏது? அடுத்து, முட்டையிலிருந்து வெளிவந்து முகத்தைப் பற்றும் பிராணி ஒரு உடம்பில் கருவை வைத்ததும் செத்துவிடும் என்பது முதல் படத்து விதி. இங்கே ரிப்லிக்கும் ஒன்று, நாய்க்கும் ஒன்று. திரையரங்கில் வந்த படம் இதற்கு வாயே திறப்பதில்லை.

பாராட்டவும் ஒன்று உண்டு, அதைச் சேலத்துக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளலாம். உருகிய ஈயத்தில் மூழ்கிய மிருகம் சாகாமல் வெளியே பாய்கிறது. ரிப்லி தண்ணீரைத் திறந்துவிட, அது வெடித்துச் சிதறுகிறது. இது காதில் பூ என்று அந்தக் காலத்திலேயே எழுதினார்கள். ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். இரும்பு உலையோடு ஒப்பிட்டால் அது ஒரு சூடே இல்லை. மிருகம் பிழைப்பதில் வியப்பில்லை. முதல் படத்தில் கப்பலின் அறிவியல் அதிகாரி ஆஷ் ஒரு வரி சொல்வார்: அந்தப் பிராணி தன் செல்களை உதிர்த்துவிட்டுச் சிலிக்கானை வைத்துக்கொள்கிறது என்று. அதாவது ஓடு, கண்ணாடி, பீங்கான் வகையறா. அந்த வகையறா சூட்டைத் தாங்கும். சட்டென்ற குளிர்ச்சியைத் தாங்காது. வெளித்தோல் சுருங்கும், உள்ளே சூடு விரிந்தே இருக்கும், இரண்டும் இழுத்துக்கொள்ள விரிசல். நம்மூர்க் கரடுகளில் வெட்டியெடுக்கும் மேக்னசைட் வெள்ளைக்கல்லை 1,500 டிகிரிக்கு மேல் சுட்டு உலைச்செங்கல் ஆக்குகிறார்கள். உருகிய எஃகுக்கு அசையாத அந்தச் செங்கலுக்கும் திடீர்க் குளிர்ச்சிதான் எமன். சில்லுச் சில்லாகப் பெயரும். 1979இல் ஒரு வசனம், 1992இல் அதற்குப் பலன். யாரும் கவனித்துப் பாராட்டாத இணைப்பு.

ஆனால் ஒரு ஓரவஞ்சனை. வார்ப்படத் தொழிலில் இருப்பவர்கள் உருகிய உலோகத்தின் பக்கத்தில் தண்ணீரைக் கொண்டுவரவே மாட்டார்கள். அச்சில் ஈரம் இருந்தாலும், கரண்டியைச் சூடுபடுத்தாமல் முக்கினாலும், அடியில் சிக்கிய தண்ணீர் நொடியில் நீராவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். உலோகம் கூரை வரை தெறிக்கும். அப்படி ஒரு ஈயத் தொட்டிக்கு நேர் மேலே ரிப்லி நின்று தண்ணீரைத் திறக்கிறார். மிருகத்துக்கு முன்னால் அவர் போயிருக்க வேண்டும். போகட்டும், கதாநாயகி.

இதே மாதிரி உலைக்குள் இறங்கும் முடிவு 1991 ஜூலையில் 'டெர்மினேட்டர் 2' படத்திலும் வந்துவிட்டது. பத்து மாதம் முந்திக்கொண்டார்கள். பிந்தியவருக்குத்தான் காப்பி என்ற பெயர்.

இனி, படத்தைப் பார்க்க நினைப்பவர்களுக்கு. 2003இல் டிவிடி தொகுப்புக்காக, ஃபின்ச்சர் சேராமலேயே, பழைய படத்தொகுப்புப் பிரதியை வைத்து ஒரு நீண்ட வடிவம் தயாரித்தார்கள். திரையரங்கு வடிவம் 114 நிமிடம். இது சுமார் 145. உறையில் என்ன எழுதியிருந்தாலும் முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். ரிப்லி கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்க, அவர் வந்து விழுந்த தப்பிக்கும் கலத்தை மாடுகள் இழுத்து வந்தால் அது நீண்ட வடிவம். மிருகம் நாயிலிருந்து பிறந்தால் சுருக்கிய வடிவம். நீண்டதில் செத்த மாட்டிலிருந்து பிறக்கும். மேலே சொன்ன முட்டைக் கணக்குக்கும் அதில் பாதி விடை உண்டு. இரண்டு கருவைச் சுமக்கக்கூடிய பெரிய பிராணி ஒன்று செத்துக் கிடப்பதைக் காட்டுகிறார்கள்.

பெரிய வித்தியாசம் கோலிக் என்ற கைதியின் பகுதி. கைதிகள் மிருகத்தைக் கழிவுக் கிடங்குக்குள் வெற்றிகரமாக அடைத்துவிடுகிறார்கள். அதைத் தெய்வமாக நினைக்கும் கோலிக், காவலுக்கு நின்றவனைக் கொன்று கதவைத் திறந்துவிடுகிறான். சுருக்கிய வடிவத்தில் இது முழுவதையும் வெட்டிவிட்டதால் கோலிக் நடுவழியில் காணாமல் போகிறான். மனிதனுடைய பித்தும் சேர்ந்து கெடுத்த கதை, வெறும் மிருகக் கதை ஆகிவிட்டது. முடிவிலும் ஒரு மாற்றம்: ரிப்லி விழும்போது நெஞ்சைப் பிளந்து குட்டி வெளிவருவது நீண்ட வடிவத்தில் இல்லை. அவர் கையை விரித்து அமைதியாக விழுகிறார். அதுவே மேல்.

கல்லூரி மன்றங்களில் திரையிடுவதாக இருந்தால் அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் பட்டால் துருநிறமெல்லாம் சேறாகிவிடும். டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், பொம்மையின் பச்சை விளிம்பு அதில் இன்னும் பளிச்சென்று தெரியும். திரையின் அடியில் வசன எழுத்து (சப்டைட்டில்) கட்டாயம். எலியட் கோல்டன்தாலின் இசைக்காக ஒலியைச் சற்றுக் கூட்டலாம். டில்லன் இறுதிச் சடங்கில் பேசப் பேச, மறுபக்கம் மிருகம் பிறப்பதை மாற்றி மாற்றிக் காட்டும் இடம், தொடரின் எந்தப் படத்துக்கும் குறைந்ததில்லை.

இன்னொரு வரி. இவ்வகைப் படங்கள் "நமக்கு அந்நியம்" என்று கட்டுரை போகிற போக்கில் சொல்கிறது. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் மிச்சம் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து 1952இல் 'தி ஜங்கிள்' எடுத்தது. தமிழில் 'காடு'. ராட் கேமரூன், சீசர் ரொமேரோவோடு நம் நம்பியாரும் உண்டு. அழிந்துபோன மாமூத் யானைகள் திரும்ப வந்து ஊரை மிதிக்கும் கதை. நிஜ யானைகளுக்குச் சடை சடையாக முடி போர்த்தி நடக்கவிட்டார்கள். இங்கிலாந்தில் நாய்க்கு உடை மாட்டியதற்கு 39 ஆண்டு முன்னால், சேலத்துக்காரர்கள் யானைக்கே மாட்டிவிட்டார்கள். படம் பெரிய படம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த இணைப்பில் அதன் புகைப்படம் ஒன்று கிடைத்தால் போடலாம்.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதானால் கடைசியிலிருந்து வெட்டுங்கள். நடுவில் எடுத்து கோலிக் கதி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.

பின்குறிப்பு: பழைய டிவிடி வைத்திருப்பவர்கள் நிமிடக் கணக்கைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 'PAL' என்ற தொலைக்காட்சி முறையில் பதிந்த வட்டு நொடிக்கு 24 படச்சட்டத்துக்கு (ஃபிரேம்) பதில் 25 ஓட்டும். அதில் 114 நிமிடப் படம் 109 சொச்சத்திலும், 145 நிமிடப் படம் 139 சொச்சத்திலும் முடியும். காட்சி எதுவும் குறையவில்லை.